அப்பாயி சொல்லாத பெயர்

எங்கள் வீட்டில் இரவுச் செபம் ஏழரைக்குத் தொடங்கிவிடும். லால்குடிப் பக்கத்துக் கிராமம். கரண்டு இருந்தாலும் போனாலும் மாடத்தில் ஒரு விளக்கு எரியும். அதற்கு மேலே சுவரில் வரிசையாகப் படங்கள். நடுவில் திரு இருதய ஆண்டவர், ஒரு பக்கம் வேளாங்கண்ணி மாதா, இன்னொரு பக்கம் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோணியார். இவர்களுக்குக் கொஞ்சம் கீழே, கண்ணாடியின் ஒரு மூலை உடைந்துபோன சட்டத்துக்குள், லீலி மலர்க் கொம்பைப் பிடித்தபடி, மாதாவின் கணவரான சூசையப்பர் நிற்பார். உடைந்த அந்த மூலையில் அப்பாயி ஒரு பூவைச் செருகி வைப்பார். பெரும்பாலும் செம்பருத்தி. தினமும் புதுப் பூ.

நாங்கள் எல்லோரும் பாயில். தாத்தா மட்டும் கால்வலிக்காகக் கயிற்றுக் கட்டிலில். அப்பாயிதான் முன்மொழிவார். மூன்றாவது தேவ இரகசியம் வருவதற்குள் சின்னப் பிள்ளைகளுக்குத் தலை சாய ஆரம்பிக்கும். அப்பாயி செபத்தை நிறுத்தாமல் கையை மட்டும் நீட்டிக் காதைத் திருகுவார். "அருள் நிறைந்த மரியே" என்பதில் ஒரு எழுத்துகூடப் பிசகாது.

செபமாலை முடிந்ததும் ஒரு காணிக்கைச் செபம் வரும். தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது மனப்பாடம். "அதிதூதரான அர்ச்சியசிஷ்ட மிக்கேலே, தேவதூதர்களான அர்ச்சியசிஷ்ட கபிரியேலே, இரபாயேலே, அப்போஸ்தலர்களான அர்ச்சியசிஷ்ட இராயப்பரே, சின்னப்பரே, அருளப்பரே" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நாங்கள் எத்தனை பாவிகளாயிருந்தாலும், நாங்கள் சொன்ன இந்த ஐம்பத்து மூன்று மணிச் செபத்தையும் "உங்கள் ஸ்தோத்திரங்களோடே ஒன்றாகக் கூட்டி" தேவமாதாவின் பாதத்தில் வையுங்கள் என்று கேட்கும் செபம். அர்ச்சியசிஷ்டர் என்பது, புனிதர் என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன் நம்மிடம் இருந்த சொல். இராயப்பர் பேதுரு, சின்னப்பர் பவுல், அருளப்பர் யோவான்.

"ஒன்றாகக் கூட்டி" என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அப்பாயி பூக்கட்டுவதுதான் கண்ணுக்குள் வரும். எங்கள் கொல்லையில் இருந்தது ஒரே ஒரு மல்லிகைச் செடி. சனிக்கிழமை மாதாவுக்கு வைக்க ஒரு முழம் தேறாது. அப்பாயி பக்கத்து வீட்டில் போய்க் கொஞ்சம் கனகாம்பரம், எதிர்வீட்டில் கொஞ்சம் மரிக்கொழுந்து வாங்கி வந்து, வாழைநாரை ஈரப்படுத்தி, கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு கட்டுவார். "நம்ம பூ கம்மியா இருந்தா என்ன பாப்பா, சேத்துக் கட்டுனா முழம் வந்துரும்." நாலு மல்லிகை, ரெண்டு கனகாம்பரம், ஒரு கொழுந்து. புனிதர்களோடு நமக்கு என்ன உறவு என்று கேட்டால், அந்தக் கதம்பத்துக்கு மேல் எனக்கு இன்றுவரை ஒரு விளக்கம் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் மாதா பிரார்த்தனை. அதுவும் முடிந்த பிறகு வருவதுதான் அப்பாயியின் சொந்தப் பட்டியல். எந்தச் செபப் புத்தகத்திலும் அது இருக்காது. ஒவ்வொரு பெயரையும் அப்பாயி சொல்ல, நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம்.

முதலில் மிக்கேல் சம்மனசு. திருவிழாவில் அவருடைய சப்பரம்தான் முதலில் போகும். பின்னால் வருகிறவர்களுக்கு அவர் வழி விடச் செய்வார் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் பட்டியலிலும் அவரே முதல். அன்னம்மாள், மருமகள்களின் பிரசவத்துக்காக. செபஸ்தியார், கொள்ளைநோய்க்காக. உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்கும் அந்த ரோமாபுரிப் போர்வீரரை, நோய் வந்த காலத்திலெல்லாம் தெருத்தெருவாகச் சப்பரத்தில் தூக்கிக்கொண்டு போனவர்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். சவேரியார், அப்பாயி பிறந்த வீட்டுச் சொந்தம். புறத்தாக்குடி சவேரியார் கோவில் தேரைப் பார்த்து வளர்ந்தவர் அவர். பிரகாசியம்மாள், கண்புரைக்காக. இந்தப் பிரகாசியம்மாள் வேறு யாருமில்லை, சிசிலித் தீவின் லூசியா. 'லூக்ஸ்' என்றால் லத்தீனில் ஒளி. நம் முன்னோர் அதை அழகாகப் பிரகாசி என்று ஆக்கிவிட்டார்கள். வனத்துச் சின்னப்பர் என்கிற வனவாசித் துறவி, கைக்குழந்தையிலேயே போய்விட்ட ஒரு பெரியப்பாவுக்காக. அவர் பெயரைத்தான் அந்தக் குழந்தைக்கு வைத்திருந்தார்கள்.

அருளானந்தரின் பெயர் வரும்போது அப்பாயியின் கை தானாக மாடத்தின் மூலைக்குப் போகும். அங்கே ஒரு பழைய மருந்துப் புட்டியில் ஓரியூர்ச் செம்மண் இருந்தது. 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் வெட்டுண்டு விழுந்த இடத்து மண். போகிறவர்கள் ஒரு பிடி எடுத்து வருவார்கள். காய்ச்சல் வந்தால் அப்பாயி அதில் விரல் வைத்து எங்கள் நெற்றியில் சிலுவை போடுவார். காவியுடுத்தி, மறவ நாட்டில் பண்டார சாமியாகத் திரிந்த அந்த மனிதர் போர்ச்சுகல் அரண்மனையில் வளர்ந்தவர், பிறந்தது லிஸ்பனில் என்பதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அந்தோணியாரும் லிஸ்பன்காரர்தான், நானூற்றைம்பது வருடம் மூத்தவர். அப்பாயியைப் பொறுத்தவரை இருவருமே நம்ம பக்கத்து ஆட்கள். அவரிடம் போய் லிஸ்பன் என்று சொல்ல எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இவ்வளவு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அப்பாயி, ஒருவரை மட்டும் பெயர் சொல்ல மாட்டார். அவர் முறை வரும்போது "திருக்குடும்பத் தலைவரே" என்பார். நாங்களும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம். அது சூசையப்பர்தான் என்று தெரியும். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று தெரியாது. எட்டு ஒன்பது வயதில் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சிரித்துக்கொண்டே கயிற்றுக் கட்டிலைக் கண்ணால் காட்டினார். தாத்தாவுக்கு வைத்திருந்தது சூசையப்பர் பெயர். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட தலைமுறை அது. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தான் முன்னால் தள்ளுவார், "நீ சொல்லு பாப்பா" என்று. சூசையப்பரின் பெயரும் அதே பெயராய்ப் போனதால், புனிதருக்கும் அந்த மரியாதை சேர்ந்துவிட்டது.

அந்தப் பட்டியலைச் சொல்வதில் இன்னொரு கண்டிப்பு உண்டு. பிரார்த்தனையில் இரண்டு விதமான பதில் வரும். பிதாவாகிய சர்வேசுரனை, சுதனை, பரிசுத்த ஆவியைச் சொல்லும்போது "எங்களைத் தயைபண்ணி இரட்சியும் சுவாமி". மாதாவையும் புனிதர்களையும் சொல்லும்போது "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்". தூக்கக் கலக்கத்தில் நான் ஒருமுறை செபஸ்தியாருக்கு "எங்களைத் தயைபண்ணி இரட்சியும்" என்று சொல்லிவிட்டேன். அப்பாயி செபத்தை நிறுத்தினார். காதைத் திருகும்போதுகூட நிறுத்தாதவர், அன்று நிறுத்தினார். "அது ஆண்டவருக்கு மட்டும். இவங்க கேட்டுத்தான் குடுக்க முடியும்." அவ்வளவுதான். மறுபடி செபஸ்தியாரிடமிருந்து தொடங்கினோம்.

அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். 787-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, புனிதர்களுக்கும் அவர்களுடைய சுரூபங்களுக்கும், அதாவது சிலைகளுக்கும் படங்களுக்கும், தருவது வணக்கம், அந்த வணக்கமும் சுரூபத்தில் தங்காமல் அதில் காட்டப்படுகிறவரைப் போய்ச் சேர்கிறது என்று தெளிவாகச் சொல்லிவைத்தது. அதைக் கேள்விப்படாமலேயே அப்பாயி இரண்டு பதில்களுக்குள் அந்த வேறுபாட்டைப் பிடித்து வைத்திருந்தார்.

சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகு என் நிலைமை வேறாகிவிட்டது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தோழி வேறு சபையைச் சேர்ந்தவள், பக்தியுள்ள பெண். மதிய உணவு நேரத்தில் ஒருநாள் கேட்டாள்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. செத்துப்போனவங்ககிட்ட ஏன் வேண்டுறீங்க? நேரா இயேசுகிட்டயே கேக்கலாமே? சுரூபத்தை வேற கும்பிடுறீங்க." அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராததே பெரிய உறுத்தலாகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டியலை விட்டேன். பிறகு செபமாலையும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையோடு நின்றது.

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அவள் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று காலையில் அவள் எங்கள் எல்லோருக்கும் போன் செய்து "ஜெபம் பண்ணிக்குங்க" என்று கேட்டாள். நாங்கள் யாரும், "நீயே நேரா கேளேன்" என்று சொல்லவில்லை. செபித்தோம். அதில் இயேசுவுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. உயிரோடு இருக்கிற பக்கத்து வீட்டு அக்காவிடம் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம் என்றால், ஆண்டவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்களிடம் ஏன் கேட்கக்கூடாது? செத்தவர்கள் என்று நாம் சொல்கிறோம். எபிரேயர் திருமுகம் அவர்களை நம்மைச் சூழ்ந்து நிற்கும் மேகம் போன்ற சாட்சிகள் என்கிறது. திருவெளிப்பாடு ஐந்தாம் அதிகாரத்தில் மூப்பர்கள் பொற்கிண்ணங்களில் தூபம் ஏந்தி நிற்கிறார்கள்; அந்தத் தூபம் இறைமக்களின் வேண்டுதல்கள் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தில் நாம் இப்போது "புனிதர்களுடைய சமூக உறவு" என்று சொல்வதை, அப்பாயி காலத்தில் "அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனம்" என்றார்கள். நாக்கு சுளுக்கும் சொல்தான். ஆனால் அந்தப் "பிரயோசனம்" எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர் செய்த நன்மை இன்னொருவருக்குப் பிரயோசனப்படும்.

அப்புறம் இந்தக் "கும்பிடு" என்ற சொல். தமிழில் நாம் கடவுளையும் கும்பிடுகிறோம், வாசலுக்கு வந்த பெரியவரையும் கும்பிடுகிறோம். பங்குச் சாமியாரைப் பார்த்தால் கைகூப்பி "ஸ்தோத்திரம் சாமி" என்கிறோம். கை ஒன்றுதான், மனசு வேறு. அதைப் பிரித்துக்காட்ட அப்பாயியிடம் இரண்டு பதில்கள் இருந்தன. என்னிடமும் இருந்தன, எடுத்துச் சொல்லத்தான் தெரியவில்லை.

பட்டியலை விட்ட காலத்திலும் ஒருவரை மட்டும் விடவில்லை. பாரிமுனையில் ஆர்மேனியன் தெரு அந்தோணியார். செவ்வாய்க்கிழமை மாலை அங்கே போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், கோவிலுக்குள் நுழைவதற்கு முன்பே தெருவில் மெழுகுவர்த்தி வாசம் வந்துவிடும். கூட்டத்தில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள். நெற்றியில் குங்குமத்தோடு ஒரு அம்மா கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய நிற்பார். பக்கத்தில் பர்தா அணிந்த ஒரு பெண் மெழுகுவர்த்தியை இன்னொன்றின் சுடரில் பற்ற வைப்பார். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை.

ஏன் செவ்வாய்க்கிழமை? அந்தோணியார் இறந்தது 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. அவரை இத்தாலியின் பதுவை நகரில் அடக்கம் செய்தது நான்கு நாள் கழித்து, செவ்வாயன்று. அந்தச் செவ்வாய்தான் இன்றும் ஆர்மேனியன் தெருவில் போக்குவரத்தை நிறுத்துகிறது. இறந்து ஒரு வருடம்கூட ஆகுமுன், 1232 மே 30 அன்று, திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார். முப்பத்தாறு வயதுக்குள் முடிந்துபோன வாழ்க்கை.

இங்கே ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுகிறேன். அந்தோணியாரை நாம் தொலைந்த சாவி கண்டுபிடித்துக் கொடுக்கிறவராக மட்டும் வைத்திருக்கிறோம். சாவி தொலைந்தால் நானும் அவரைத்தான் கேட்பேன், அதில் தவறில்லை. ஆனால் அவர் யார் என்றே தெரியாமல் கேட்டுக்கொண்டே இருப்பது மரியாதை ஆகாது. அவர் கந்துவட்டிக்காரர்களை எதிர்த்து ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர். பதுவை நகரத்தில் கடனைக் கட்ட முடியாதவர்களைச் சிறையில் போட்டுவைக்கும் வழக்கம் இருந்தது. இருக்கிற சொத்தை ஒப்படைத்துவிட்டால் அப்படிச் சிறை வைக்கக்கூடாது என்று 1231 மார்ச்சில் அந்த நகரம் சட்டம் போட்டது. சகோதரர் அந்தோணி கேட்டுக்கொண்டதால் போடுகிறோம் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. அதற்கு மூன்று மாதத்தில் அவர் இறந்துவிட்டார். மகளிர் குழுக் கடன், தண்டல் கடன் என்று கண்ணீரோடு செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்கிற பெண்கள், சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறார்கள். அது அவர்களுக்குத் தெரிந்தால் எவ்வளவு தெம்பாக இருக்கும்! அதை விட்டுவிட்டு, "இந்தச் செபத்தைப் பதினைந்து பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால் கெடுதல் வரும்" என்று போனில் சுற்றுகிற செய்திகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. புனிதர்கள் யாரையும் மிரட்ட மாட்டார்கள்.

2020 மார்ச்சில் கோவில்கள் மூடின. ஆர்மேனியன் தெருவும் மூடியது. செவ்வாய்க்கிழமை என்று ஒரு நாள் இருப்பதே தெரியாமல் போனது. இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, ஊரிலிருந்து அப்பா போன் செய்தார். "ஏழரைக்கு செபமாலை சொல்லலாமா? ஸ்பீக்கர்ல போட்டுக்க." அப்பாயி போய் அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது. அப்பா முன்மொழிய, ஊரில் அம்மாவும் சென்னையில் நாங்களும் பதில் சொன்னோம். ஐம்பத்து மூன்று மணி முடிந்து, காணிக்கைச் செபம் முடிந்து, பிரார்த்தனை முடிந்து, போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். "மிக்கேல் சம்மனசானவரே" என்றார் அப்பா. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு பெயர்கூட மாறவில்லை, வரிசைகூட மாறவில்லை. செபஸ்தியாரிடம் வந்தபோது அப்பா இரண்டு தரம் சொன்னார். அந்த மாதங்களில் ஏன் இரண்டு தரம் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

அதே வருடம் டிசம்பர் 8 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் சூசையப்பர் ஆண்டை அறிவித்தார். திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் 1870-இல் சூசையப்பரை அகில உலகத் திருச்சபையின் பாதுகாவலர் என்று அறிவித்து 150 வருடம் நிறைந்ததை ஒட்டி வந்த அறிவிப்பு. வீட்டில் அடைபட்டுக் கிடந்த நாட்கள் ஆகையால் அவரைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசையப்பர் பேசிய ஒரு வார்த்தைகூடக் கிடையாது. கனவு காண்கிறார், எழுகிறார், சொன்னதைச் செய்கிறார். அவரைக் காவியத் தலைவனாக வைத்துத் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், அவருக்கு வளன் என்று தமிழில் ஒரு பெயர் கொடுத்தார். வாய்திறக்காத மனிதருக்கு 3,615 பாடல்கள்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. பூசையில் எழுந்தேற்ற நேரத்தில் சாமியார் சொல்லும் நற்கருணை மன்றாட்டுகளில் முதலாவதான பழைய உரோமை மன்றாட்டு, ஒரு புனிதர் பட்டியல். மாதா, அப்போஸ்தலர்கள், பழைய பாப்பரசர்கள், வேதசாட்சிகள், கடைசியில் ஆகத்தா, லூசியா, ஆக்னெஸ், செசிலியா என்று பெண்கள். அப்பாயியின் பிரகாசியம்மாள் நூற்றாண்டுகளாக அதில் இருந்திருக்கிறார். சூசையப்பர் இல்லை! மாதாவின் பெயரைச் சொன்ன மறுவரியில் சொல்லியிருக்க வேண்டிய பெயரைத் திருச்சபை அந்த இடத்தில் சொல்லாமலே இருந்திருக்கிறது, 1962 வரைக்கும்.

அது உள்ளே வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கிய வருடம். நவம்பர் 10 அன்று மோஸ்தார் மறைமாவட்ட ஆயர் பேதர் சூலே எழுந்து, சூசையப்பர் பெயரை மன்றாட்டில் சேர்க்க வேண்டும் என்று பேசினார். யுகோஸ்லாவியக் கம்யூனிஸ்ட் சிறையில் வருடக்கணக்கில் கிடந்து உடம்பு நொறுங்கிய மனிதர். பேச்சு தடுமாறியது, சொன்னதையே திரும்பச் சொன்னார், சபையில் பொறுமை போய்விட்டது. தலைமை வகித்த கர்தினால் சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிட்டார். ஆனால் திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் தம் அறையில் தொலைக்காட்சித் திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆயர் பட்டதெல்லாம் அவருக்குத் தெரியும். மூன்றே நாளில் அறிவிப்பு வந்தது. அவ்வருடம் டிசம்பர் 8 முதல் உலகம் முழுக்க அந்த மன்றாட்டில் சூசையப்பரின் பெயர் சேர்ந்தது. மற்ற மூன்று மன்றாட்டுகளிலும் சேர்ந்தது 2013-இல்தான்.

இதைப் படித்த இரவு நான் தாத்தா இறந்த நாளை நினைத்துக்கொண்டேன்.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது தாத்தா போய்விட்டார். காலையில் அடக்கம். உறவினர்கள் பாதிப்பேர் சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார்கள். ஏழரைக்கு அப்பாயி வழக்கம்போல மாடத்து விளக்கை ஏற்றினார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது, ஆனாலும் முன்மொழிவதை வேறு யாருக்கும் விட்டுத்தரவில்லை. கயிற்றுக் கட்டிலை யாரோ சுவரோரம் நிமிர்த்திச் சாய்த்து வைத்திருந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் அதன் கயிற்றுப் பின்னல் நிழல் சுவரில் வலை மாதிரி விழுந்தது.

பட்டியல் வந்தது. மிக்கேல் சம்மனசு முடிந்தது. அடுத்து "திருக்குடும்பத் தலைவரே" வர வேண்டும். அப்பாயி நிறுத்தினார். நாங்கள் காத்திருந்தோம். உடைந்த கண்ணாடிச் சட்டத்தில் அன்று பூ இல்லை. வீட்டில் இருந்த பூவெல்லாம் கல்லறைக்குப் போய்விட்டது. அப்பாயி அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"சூசையப்பரே" என்றார்.

யாருக்கும் பதில் வரவில்லை. அந்த வீட்டில் அந்தக் குரலில் அந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. அப்பாதான் முதலில் சமாளித்துக்கொண்டு, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார். பிறகு நாங்களும் சொன்னோம். அப்பாயி அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

நல்மரணத்தின் பாதுகாவலர் சூசையப்பர் என்று சொல்வார்கள். ஒரு பக்கம் இயேசுவும் இன்னொரு பக்கம் மாதாவும் இருக்க உயிர் விட்டவர் என்பதால். அப்பாயி அன்று யாரைக் கூப்பிட்டார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். புனிதரையா, தாத்தாவையா? இப்போது அப்படிப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. மறுநாள் பழையபடி "திருக்குடும்பத் தலைவரே" என்றார். அதற்கப்புறம் பல வருடம் உயிரோடு இருந்தார். அந்தப் பெயரை நான் மறுபடி அவர் வாயில் கேட்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில், அண்ணா நகர் பக்கத்து இரண்டாவது மாடியில், ஏழரைக்குப் போன் மேசைமேல் ஸ்பீக்கரில் இருக்கும். ஊரில் அப்பாவும் அம்மாவும். சில நாள் பட்டியல் மட்டும்தான் நடக்கும். எனக்கு வேலை, பிள்ளைக்குப் படிப்பு. சில நாள் போனே வராது. கோவில்கள் திறந்தாகிவிட்டது, செவ்வாய்க்கிழமையும் திரும்பி வந்துவிட்டது, ஆனாலும் இதை நிறுத்த அப்பாவுக்கு மனமில்லை, எனக்கும் இல்லை.

பட்டியலில் ஒரு பெயர் கூடியிருக்கிறது. அதைச் சேர்த்தவள் என் மகள். மறைக்கல்வி வகுப்பில் தேவசகாயம் பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர், 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். குருவும் அல்ல, துறவியும் அல்ல, மனைவியோடு வாழ்ந்த மனிதர். கோட்டாறு சவேரியார் கோவிலில் இருக்கும் அவர் கல்லறைக்கு மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். உரோமை அவரைப் புனிதர் என்று அறிவித்தது 2022 மே 15-இல். அவருடைய திருநாள் ஜனவரி 14. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, செபத்தின் நடுவில் அவள், "தாத்தா, இன்னைக்கு அவரோட நாள். அவரை ஏன் சொல்லலை?" என்றாள். அப்பா கொஞ்சம் யோசித்தார். நாற்பது ஐம்பது வருடமாக மாறாத வரிசை. "சரி, அருளானந்தருக்குப் பக்கத்துல வச்சுக்குவோம்" என்றார். ஓரியூர் மண் புட்டி இன்னும் அதே மூலையில்தான் இருக்கிறது. அவளுக்கு அதைத் திறந்து காட்டினார்.

நான் என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். எனக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. ஆனால் பட்டியலை நான் முன்மொழியும் நாட்களில் அந்த இடம் வரும்போது வாய் தானாக "திருக்குடும்பத் தலைவரே" என்கிறது. போன வாரம் மகள் முன்மொழிகிறேன் என்றாள். மூன்றாம் வகுப்புக் குரல், ஒவ்வொரு பெயரையும் வாசித்துக் காட்டுவது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மிக்கேல் சம்மனசு முடிந்ததும், தயங்காமல், சத்தமாக, "சூசையப்பரே" என்றாள்.

போனில் ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று குனிந்து திரையைப் பார்த்தேன். அப்புறம் அப்பாவின் குரல் வந்தது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."